ஃப்ரீ த்ரோ கோட்டில் நிற்கும் பிள்ளையிடம் என்ன சொல்வது?

கூடைப்பந்தில் எதிரணி ஃபவுல் செய்தால், கோட்டில் நின்று யாரும் மறிக்காமல் போடக் கிடைக்கும் ஷாட்தான் ஃப்ரீ த்ரோ. அதைப் போடப் போகும் பிள்ளையைப் பார்த்து, "கவனமாப் போடு, கான்சன்ட்ரேட் பண்ணு" என்று கோட்டுக்கு வெளியே நின்று கத்துவதில் பத்து பைசா பிரயோஜனம் கிடையாது. அவள் என்ன கவனம் இல்லாமலா நிற்கிறாள்? ஸ்கோர் தெரியும். எத்தனை விநாடி பாக்கி என்று தெரியும். காலரியில் சித்தப்பா வந்து உட்கார்ந்திருப்பது தெரியும். போன ஷாட் ரிங்கைக்கூடத் தொடாமல் ஏர் பால் ஆனதும், எதிரணிப் பிள்ளைகள் சிரித்ததும் ஞாபகம் இருக்கும். கவனம் வேண்டிய மட்டும் கொட்டிக் கிடக்கிறது. அதைக் கொண்டுபோய் எங்கே வைப்பது என்றுதான் அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

நான் தேனி மாவட்டத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை. கிரிக்கெட்டைத் தாண்டி இந்தப் பக்கம் கூடைப்பந்துக்கும் கொஞ்சம் மவுசு உண்டு. கோடையில் பெரியகுளத்தில் நடக்கும் அகில இந்தியப் போட்டிக்கு வெளிமாநில அணிகளெல்லாம் வரும். ராத்திரி விளக்கு வெளிச்சத்தில் குடும்பத்தோடு உட்கார்ந்து பார்ப்போம். அதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள்தான் ஜூன் மாதம் என்னிடம் வந்து, "மிஸ், த்ரீ பாயின்ட் சொல்லித் தாங்க" என்று நிற்கும். முட்டி மடக்கத் தெரியாது, அதற்குள் மூன்று புள்ளிக்கு அவ்வளவு தூரத்தில் இருந்து போடும் த்ரீ பாயின்ட்.

சரி, முதலில் காலைப் பற்றிப் பேசிவிடலாம். ஏனென்றால் மனசுப் பிரச்சினை என்று என்னிடம் வருவதில் பாதி, கால் பிரச்சினை.

ரிங்கின் உள்விட்டம் 45 சென்டிமீட்டர். பெண்கள் ஆடும் ஆறாம் எண் பந்தின் விட்டம் சுமார் 23. கேட்டால், தாராளமாக இடம் இருக்கிறதே என்று தோன்றும். ஆனால் அந்த 45 என்பது தலைக்கு நேர் மேலே இருந்து விழும் பந்துக்குத்தான். 45 டிகிரி சாய்வில் வரும் பந்துக்குத் திறப்பு 32 சென்டிமீட்டராகத்தான் இருக்கும். 30 டிகிரியில் தட்டையாக வந்தால் 22.5. அதாவது பந்தைவிடத் திறப்பு சின்னது. அப்படி வரும் பந்து ரிங்கில் மோதாமல் நேராக உள்ளே இறங்க வழியே இல்லை. போர்டில் பட்டோ, ரிங்கில் குதித்தோ விழுந்தால் அது அதிர்ஷ்டம். ஒன்பதாம் வகுப்பு சைன் டேபிளை வைத்து இதைக் கரும்பலகையில் போட்டுக் காட்டியிருக்கிறேன். எங்கள் பள்ளிக் கணக்கு டீச்சருக்கு என்மேல் மரியாதை கூடியது அன்றிலிருந்துதான்.

அமெரிக்காவில் நார்த் கரோலினா ஸ்டேட் பல்கலைக்கழகப் பொறியாளர்கள் இரண்டு பேர் 2008இல் லட்சக்கணக்கான ஃப்ரீ த்ரோக்களைக் கணினியில் போட்டுப் பார்த்தார்கள். ஏழடி உயரத்தில் பந்தை விடும் ஒருவருக்கு 52 டிகிரிக் கோணமும், விநாடிக்கு மூன்று சுற்று பின்சுழலும் நல்லது என்று வந்தது. நம் பிள்ளைகள் பந்தை விடும் உயரம் அதைவிடக் குறைவு. அதனால் இன்னும் கொஞ்சம் மேல்நோக்கியே போட வேண்டும். அவ்வளவு உயரத்துக்குப் பந்தைத் தள்ளும் பலம் கையில் இருந்து வராது. குதிகால், தொடை, இடுப்பு என்று கீழே இருந்து ஏறி வர வேண்டும். ஆட்டத்தை நான்கு குவார்ட்டராகப் பிரித்து ஆடுவோம். மூன்றாவது குவார்ட்டர் வரை அது வரும். நான்காவது குவார்ட்டரில் கால் செத்துப்போகும். அப்போது பிள்ளை என்ன செய்யும்? தோளால் தள்ளும். பந்து தட்டையாகப் போய் ரிங்கின் முன்பக்கம் 'டங்' என்று அடித்துத் திரும்பும். வெளியே இருப்பவர்கள் "டென்ஷன் ஆயிட்டா" என்பார்கள். டென்ஷன் இருக்கலாம். ஆனால் முதலில் தொடையைப் பிடித்துப் பாருங்கள்.

இதற்கு நான் வைத்திருக்கும் வழி ஒரு நாற்பது பக்க நோட்டு. பிராக்டிஸில் ஷூட் செய்யும் பிள்ளைக்குப் பக்கத்தில் இன்னொரு பிள்ளை நோட்டோடு உட்கார வேண்டும். விழுந்தால் டிக். விழாவிட்டால் வெறும் தப்புக்குறி போடக்கூடாது. மு, பி, இ, வ: முன்னால் அடித்ததா, பின்னாலா, இடமா, வலமா. பக்கம் முழுக்க 'மு' என்றால் அது கால், அல்லது களைப்பு. இடமும் வலமுமாகச் சிதறினால் முழங்கை வெளியே போகிறது, அல்லது கண் ஓரிடத்தில் நிற்கவில்லை. 'பி' நிறைய வந்தால் நான் பெரிதாகக் கவலைப்படுவதில்லை. பலம் இருக்கிறது என்று அர்த்தம். அதைச் சீக்கிரம் அடக்கிவிடலாம். ஒரு மாத நோட்டைப் புரட்டினால் பிள்ளையைப் பற்றி அவள் அம்மாவுக்குத் தெரியாததும் தெரியும். நோட்டுப் பிடிக்கும் பிள்ளைக்கும் லாபம் உண்டு. அடுத்தவள் ஷாட்டைக் கூர்ந்து பார்க்கப் பார்க்கத் தன் ஷாட்டையும் பார்க்கக் கற்றுக்கொள்கிறாள்.

எங்களிடம் ஜிம் கிடையாது. சிமெண்ட் கோர்ட், காலரிப் படி, ஒரு சுவர், கொஞ்சம் ஸ்கிப்பிங் கயிறு. போதும். சுவரில் முதுகை ஒட்டி நாற்காலி இல்லாமல் உட்காருவது, படி விளிம்பில் முன்பாதத்தை வைத்துக் குதிகாலை ஏற்றி இறக்குவது, பெஞ்சில் ஒற்றைக் காலால் உட்கார்ந்து எழுவது, கயிறு தாண்டுவது. வாரம் மூன்று நாள் செய்தால் தாராளம். மேட்சுக்கு முந்தின நாள் கூடவே கூடாது. இதில் நான் கறாராக இருப்பது ஒன்றில்தான்: குதித்து இறங்கி அப்படியே சிலையாக நிற்பது. இறங்கும்போது முட்டி உள்பக்கம் சாய்கிறதா என்று முன்னால் உட்கார்ந்து பார்ப்பேன். முட்டியின் உள்ளே இருக்கும் தசைநார் கிழிவது ஆண்களைவிடப் பெண் ஆட்டக்காரர்களுக்கு அதிகம். கிழிந்தால் பிள்ளையின் ஆட்டமே பெரும்பாலும் அதோடு முடிந்துபோகிறது. நம் ஊரில் அறுவை சிகிச்சை செய்து, மாதக்கணக்கில் பயிற்சி எடுத்துத் திரும்ப ஆட விடும் வீடுகள் எத்தனை? "போதும் உன் விளையாட்டு" என்றுதான் சொல்வார்கள்.

இன்னொன்று, ஷூட்டிங் பற்றி எழுதுகிறவர்கள் யாரும் எழுதாதது. ரத்தம். தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை என்று வந்திருக்கிறது. என் அணியில் மட்டும் அது இல்லாமலா போகும்? நான்காவது குவார்ட்டரில் மூச்சு வாங்கி, முகம் வெளுத்து, ரிங் இருக்கும் திசையைப் பார்த்து எறியும் பிள்ளைக்குத் தியான வகுப்பு எடுத்து என்ன ஆகப்போகிறது? பள்ளியில் வாரம் ஒருமுறை கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையைக் கைக்குட்டைக்குள் சுருட்டி ஜன்னல் வழியாகப் போடும் கலையில் நம் பிள்ளைகள் கெட்டிக்காரிகள். அணிப் பிள்ளைகள் என் முன்னால் விழுங்க வேண்டும், சாப்பாட்டுக்கு அப்புறம், தண்ணீரோடு. ஒருத்திக்குத் தொடர்ந்து தலைசுற்றல் இருந்ததால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போய்ப் பார்த்து, தனியாக மருந்து கொடுத்தார்கள். அந்த சீசன் பாதியிலிருந்து அவள் நோட்டில் 'மு' குறைந்தது. அதற்குள் அவள் "மிஸ், இப்ப கான்சன்ட்ரேஷன் வந்திருச்சு" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டாள். நான் மறுக்கவில்லை.

இப்போது கண்.

கனடாவில் கால்கரி பல்கலைக்கழகத்தில் ஜோன் விக்கர்ஸ் என்ற ஆராய்ச்சியாளர் இருந்தார். கூடைப்பந்து வீராங்கனைகளுக்குக் கண் அசைவைப் பதிவு செய்யும் கருவியை மாட்டி ஃப்ரீ த்ரோ போடச் சொல்லி, 1996இல் முடிவை வெளியிட்டார். நன்றாகப் போடுகிறவர்கள், சுமாராகப் போடுகிறவர்கள் என்று இரண்டு கூட்டம். நன்றாகப் போடுகிறவர்களின் பார்வை, கை அசையத் தொடங்குவதற்கு முன்பே ரிங்கில் ஓரிடத்தில் போய் நின்றுவிடுகிறது. ஏறக்குறைய ஒரு விநாடி அங்கேயே இருக்கிறது. சுமாரானவர்களுக்கு அதில் பாதிகூட இல்லை. ரிங், போர்டு, பந்து, மறுபடி ரிங் என்று தாவிக்கொண்டே இருக்கிறது. இதில் வேடிக்கை என்னவென்றால், பந்து மேலே வந்து முகத்தை மறைக்கும் நேரத்தில் நல்ல ஆட்டக்காரர்கள் பார்ப்பதையே விட்டுவிடுகிறார்கள். அதற்குள் பார்க்க வேண்டியதைப் பார்த்து முடித்தாகிவிட்டது.

இதைப் படித்த பிறகு நான் நிற்கும் இடம் மாறியது. பயிற்சியாளர் எல்லோரும் ஷூட் செய்கிறவருக்குப் பக்கவாட்டில் நின்று முழங்கையைத்தான் பார்ப்போம். நான் ரிங்குக்குக் கீழே போய் நின்று முகத்தைப் பார்க்க ஆரம்பித்தேன். விழாமல் திரும்பும் பந்தை எடுத்துப் போடுவதற்கும் வசதி.

எங்கள் சென்டர் ஆடும் பிள்ளை, ஒன்பதாம் வகுப்பு, பள்ளியிலேயே உயரம். ரிங்குக்குக் கீழே அவளிடம் பந்து போனால் எதிரணிக்கு வேறு வழி கிடையாது, பிடித்து இழுப்பார்கள். ஃப்ரீ த்ரோ கிடைக்கும். அவள் போட்டால் விழாது. எல்லா அணிக்கும் இது தெரிந்துபோய், வேண்டுமென்றே ஃபவுல் செய்ய ஆரம்பித்தார்கள். ஒரு நாள் காலைப் பயிற்சியில் அவளைக் கோட்டில் நிறுத்திவிட்டு நான் கீழே நின்றேன். பந்தைத் தட்டினாள், என்னைப் பார்த்தாள். ரிங்கைப் பார்த்தாள், பந்தைப் பார்த்தாள். பக்கத்துக் கோர்ட்டில் யாரோ கத்தினார்கள், அங்கே ஒரு பார்வை. மறுபடி ரிங், உடனே ஷாட். பந்து கிளம்பியதுமே கண்ணும் பந்தோடு கிளம்பிவிட்டது, தலையும் பின்னால் சாய்ந்தது.

"எதைப் பார்த்துப் போட்ட?"

"ரிங்கைத்தான் மிஸ்."

"ரிங்ல எங்க?"

கொஞ்ச நேரம் யோசித்தாள். "ரிங்குலதான் மிஸ்."

ரிங்கின் அடியில் நெட் மாட்ட வளைந்த கொக்கிகள் இருக்கும், மொத்தம் பன்னிரண்டு. ஃப்ரீ த்ரோ கோட்டில் நேராக நின்றால் முன்பக்கம் ஒன்றோ இரண்டோ நன்றாகத் தெரியும். அதில் ஒன்றை அவளையே தேர்ந்தெடுக்கச் சொன்னேன். எங்கள் ரிங்கில் ஒரு கொக்கி பாதி உடைந்து துருப்பிடித்துத் தனியாகத் தெரியும். அதையே எடுத்துக்கொண்டாள். அப்புறம் வரிசையை மாற்றினோம். பந்தைத் தட்டும்போது பந்தைப் பார், தரையைப் பார், யாரையும் நிமிர்ந்து பார்க்காதே. காற்றடிக்கும் ஓட்டை மேலே வரும்படி பந்தைத் திருப்பிப் பிடி. மூச்சை மெதுவாக, நீளமாக வெளியே விடு. இப்போதுதான் முதல் தடவையாக நிமிர வேண்டும், நேராகக் கொக்கிக்கு. மனசுக்குள் "அந்தக் கொக்கி" என்று சொல்லி முடிக்கிற நேரம் அங்கேயே இரு. அப்புறம் போடு. போட்ட பிறகும் பந்து எங்கே போகிறது என்று பார்க்காதே, கொக்கியிலேயே இரு. விழுந்ததா இல்லையா என்பது நோட்டுக்காரியின் வேலை.

கடைசி விஷயம்தான் அவளுக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது. தான் எறிந்த பந்தைப் பார்க்காதே என்றால் யாருக்குத்தான் மனசு கேட்கும்? கை மேலே நிற்க, கண் கொக்கியில் இருக்க, கழுத்து மட்டும் தவித்துக்கொண்டு திரும்பும். செல்போனில் ஸ்லோமோஷனில் எடுத்துக் காட்டியபோது அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. பள்ளிகளுக்கான போட்டியிலும் சர்வதேச விதிப்படி ஐந்து விநாடிக்குள் போட்டாக வேண்டும். அதனால் தட்டுவது மூன்று என்று வைத்துக்கொண்டோம். நிதானமாகச் செய்தாலும் நேரம் மிச்சம் இருக்கும். அவள் ஒன்றும் பெரிய ஷூட்டர் ஆகிவிடவில்லை. பாதிக்கு மேல் போடுகிறாள். அது போதும். இப்போது அவளை இழுத்துப் பிடிப்பதற்கு முன்னால் எதிரணி டீச்சர் ஒரு நிமிடம் யோசிக்கிறார்.

இந்த வரிசையை என் பிள்ளைகள் 'தாத்தா முறை' என்பார்கள். அதற்குக் காரணம் டாம் ஆம்பரி. கலிபோர்னியாவில் பாத மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகு பொழுதுபோக்காக ஃப்ரீ த்ரோ போட ஆரம்பித்து, 1993இல், தன் 71ஆவது வயதில், ஒன்றுகூடத் தவறாமல் தொடர்ந்து 2,750 போட்டார். பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல். அவர் தவறவிட்டதால் நிற்கவில்லை, ஜிம்மை மூடும் நேரம் வந்ததால் நிறுத்தினார்கள். அவருடைய முறையில் மர்மம் ஒன்றும் இல்லை: காலைக் கோட்டுக்கு நேராக வை, ஓட்டையைப் பார்த்து மூன்று தட்டு, கட்டை விரலைப் பந்தின் கோட்டுப் பள்ளத்தில் வை, முழங்கை உள்ளே, முட்டியை மடக்கு, கண் குறியில், போடு. ஒவ்வொரு தடவையும் இதே வரிசை. ஒவ்வொரு படியும் மனசுக்கு ஒரு சின்ன வேலை. வேலை இருக்கும்போது மனசு காலரிப் பக்கம் போகாது. 71 வயதில் ஒருவர் செய்தார் என்றால் பிள்ளைகளால், "எனக்கு வராது மிஸ்" என்று சொல்ல முடிவதில்லை. அதுவும் எனக்கு வசதி.

எல்லாருக்கும் எல்லாம் தெரிந்தாலும், கேலிக்குப் பயப்படுகிற மனசை என்ன செய்வது என்று கேட்டால் அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் வில்ட் சேம்பர்லின் கதையைத்தான் சொல்ல வேண்டும். 1962 மார்ச் 2ஆம் தேதி, பென்சில்வேனியாவில் ஹெர்ஷி என்ற ஊரில், ஒரே ஆட்டத்தில் 100 புள்ளி எடுத்தவர். அதில் 28 புள்ளி ஃப்ரீ த்ரோ, 32இல் 28. வாழ்நாள் முழுக்க ஃப்ரீ த்ரோவில் பாதி போடுவதே பெரிது என்று இருந்த மனிதர் அன்று எப்படிப் போட்டார்? அந்த சீசனில் அவர் இரண்டு கையாலும் பந்தைத் தொடைக்கு நடுவே தாழ்த்தி, கீழிருந்து மேலாகப் போட்டுக்கொண்டிருந்தார். அமெரிக்காவில் அதைப் பாட்டி ஷாட் என்று கிண்டல் செய்வார்கள். அப்படிப் போடுவது அவருக்குக் கூச்சமாக இருந்தது, விட்டுவிட்டார். 1967-68 சீசனில் அவருடைய ஃப்ரீ த்ரோ 38 சதவீதம். விட்டது தப்புதான் என்று பிற்பாடு அவரே எழுதினார். அதே முறையில் போட்ட ரிக் பேரி யார் சிரித்தாலும் கண்டுகொள்ளவில்லை. அமெரிக்காவின் தொழில்முறை லீக்கான என்பிஏவில் ஏறக்குறைய 90 சதவீதத்தோடு முடித்தார். என் ஆறாம் வகுப்புப் பொடிசுகள் பலம் பத்தாமல் கீழிருந்துதான் போடும். பெரிய பிள்ளைகள் யாராவது சிரித்தால் அவர்களுக்கு அன்று காலரிப் படி கூடுதல்.

அப்புறம், நாம் வாயால் சொல்லும் சொல். "மணிக்கட்டை மடக்கு, எல்போவை உள்ளே வை, விரலை விரி." இதெல்லாம் கற்றுக்கொடுக்கும்போது சொல்ல வேண்டியவை. மேட்சில் சொல்லக்கூடாதவை. 2005இல் வெளிவந்த ஓர் ஆய்வில் ஒரே ஆட்களை ஃப்ரீ த்ரோ போடச் சொல்லி, சில சமயம் மணிக்கட்டில் கவனம் வை என்றும் சில சமயம் ரிங்கில் கவனம் வை என்றும் சொன்னார்கள். ரிங்கை நினைத்தபோது பந்து நன்றாக விழுந்தது. அது மட்டுமில்லை, கைத்தசையின் மின்னோட்டத்தை அளந்தபோது தசை குறைவாகவே வேலை செய்திருந்தது. தன் உடம்பையே கவனித்தால் உடம்பு விறைக்கிறது. வாசலில் கோலம் போடுகிற பெண்ணைப் பாருங்கள். அவள் கண் விரலில் இருக்காது, அடுத்த புள்ளியில் இருக்கும். விரலைப் பார்த்துக்கொண்டே இழுத்தால் கோடு நடுங்கும். மேட்சில் டைம் அவுட் எடுத்தால் ஷூட்டிங் பற்றி நான் சொல்வது ஒரே வார்த்தைதான்: "கொக்கி."

பயிற்சியை எப்படி அடுக்குவது என்பதில் எனக்கும் மற்ற பி.டி. சார்களுக்கும் கொஞ்சம் சண்டை உண்டு. ஒரே இடத்தில் நின்று நூறு ஷாட் போடச் சொல்வார்கள். பார்க்க அழகாக இருக்கும், ஐம்பதாவது ஷாட்டுக்கு மேல் வரிசையாக விழும், பிள்ளைக்கும் நம்பிக்கை வரும். சனிக்கிழமை மேட்சில் அது காணாமல் போகும். ஏனென்றால் மேட்சில் ஒரே இடத்தில் இருந்து தொடர்ந்து இரண்டாவது ஷாட் போட யார் விடுகிறார்கள்? 1978இல் கெர், பூத் என்ற இரண்டு பேர் சின்னப் பிள்ளைகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். ஒரு கூட்டம் மூன்றடி தூரத்தில் இருந்தே பயறு நிரப்பிய சின்னத் துணிப்பையைக் குறி பார்த்து எறிந்து பழகியது. இன்னொரு கூட்டம் இரண்டடியிலும் நான்கடியிலும் மாற்றி மாற்றிப் பழகியது, மூன்றடியில் ஒரு தடவைகூடப் பழகவில்லை. கடைசியில் மூன்றடியில் தேர்வு வைத்தால் ஜெயித்தது இரண்டாவது கூட்டம். அதனால் நான் இடம் மாற்றி, தூரம் மாற்றித்தான் போடச் சொல்வேன். பிராக்டிஸ் பார்க்கிற பெற்றோருக்கு, "என்ன டீச்சர், ஒண்ணும் விழ மாட்டேங்குதே" என்று இருக்கும். விழாமல் போகட்டும், நோட்டு இருக்கிறது. ஃப்ரீ த்ரோவையும் தனியாக உட்கார்ந்து போடுவதில்லை. கோர்ட்டின் இரண்டு முனைக்கும் ஓடி வந்து, மூச்சு வாங்கும்போது இரண்டே இரண்டு. மறுபடி ஓட்டம், மறுபடி இரண்டு. மேட்சிலும் அப்படித்தானே கிடைக்கும்?

இன்டோர் ஸ்டேடியம் இல்லை என்று நாம் அழுவதில் பாதி நியாயம் இருக்கிறது. ஆடி மாதம் கம்பம் பள்ளத்தாக்கு வழியாக வருகிற காற்றில் ஆண்டிபட்டிப் பக்கம் காற்றாலைகளே சுற்றுகின்றன. எங்கள் பந்து எம்மாத்திரம்? ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று சும்மாவா சொன்னார்கள். கோணத்தை ஏற்று என்று சொன்னேன் அல்லவா, காற்று நாளில் அதே உயரமான பந்து தான் முதலில் திசை மாறும். அன்று த்ரீ பாயின்ட் பக்கமே போகாமல் போர்டில் அடித்துப் போடும் கிட்ட ஷாட்டும், கால் பயிற்சியும். ஆனால் அதே ஆடியில் பக்கத்துத் தெரு அம்மன் கோவில் ஸ்பீக்கர் கோர்ட்டைப் பார்த்துத்தான் கட்டப்பட்டிருக்கும். முதலில் நான் போய் சத்தத்தைக் குறைக்கச் சொல்வது வழக்கம். இப்போது சொல்வதில்லை. அந்த வாரம் ஃப்ரீ த்ரோ மட்டும் கூடுதலாக வைக்கிறேன். காலரியில் எதிரணிப் பள்ளி முழுக்க விசில் அடித்தாலும், ஆளுயர ஸ்பீக்கருக்கு முன்னால் நின்று போட்டுப் பழகிய பிள்ளைக்கு அது பெரிதாகத் தெரியாது.

ஷாட் முறையை மாற்றப் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஜூலையில் ஆரம்பிக்காதீர்கள். குறுவட்டப் போட்டி வந்துவிடும், புது முறையும் பிடிபடாது, பழையதும் போயிருக்கும். ஸ்டீபன் கரி பள்ளியில் படிக்கும்போது பந்தை இடுப்புக்கிட்ட இருந்து எடுத்துத்தான் போடுவார். நம் ஊர்க் கணக்கில் பத்தாம் வகுப்பு முடித்த கோடையில், அவருடைய அப்பா டெல் கரி, அவரும் என்பிஏ ஆட்டக்காரர்தான், பந்தை மேலே இருந்து விடும்படி முழுக்க மாற்றினார். அந்தக் கோடை முழுக்க அழுகை, கிட்ட இருந்துகூட விழவில்லை. பிற்காலத்தில் என்பிஏவில் அதிக த்ரீ பாயின்ட் போட்டவர் என்ற சாதனை, 2021 டிசம்பர் 14இல், அதே பையனுக்கு வந்தது. அந்தக் கோடையில் பொறுமையாக நிற்க அவர் வீட்டில் ஆள் இருந்தது. நம் பிள்ளைகளின் பத்தாம் வகுப்புக் கோடையில் பதினொன்றாம் வகுப்புப் பாடம் ஆரம்பித்துவிடுகிறது. அதைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இந்தப் பதிவு முடியாது.

கடைசியாக, காசு விஷயம். பல பெண்கள் பள்ளிகளில் ஸ்டோர் ரூமைத் திறந்தால் கிடப்பதெல்லாம் ஏழாம் எண் பந்து. ஆண்கள் ஆடுவது. வாங்கும்போது யாரும் கேட்பதில்லை, கடைக்காரர் கொடுத்ததை வாங்கி வந்துவிடுகிறோம். சின்னக் கை, பெரிய பந்து, கூடுதல் எடை. பிள்ளை பந்தைத் தோளுக்குக் கீழே இறக்கி, இரண்டு கையாலும் நெஞ்சில் இருந்து தள்ளப் பழகிவிடும். போட்டியில் ஆறாம் எண் பந்தைக் கொடுத்தால் அது போர்டைத் தாண்டிப் பறக்கும். அப்போதும் "கவனம் இல்லை" என்றுதான் பெயர். பன்னிரண்டு வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு ஐந்தாம் எண் இருக்கிறது. அதைப் பல பள்ளிகளில் கண்ணால்கூடப் பார்த்ததில்லை.

ஆண்டு விழாவுக்கு வரும் பழைய மாணவிகளே, இது உங்களுக்குத்தான். பொன்னாடை வேண்டாம், வீட்டில் ஏற்கெனவே ஒரு அலமாரி நிறைய இருக்கிறது. ஸ்வீட் பாக்ஸும் வேண்டாம். ஆளுக்கொரு பந்து. பந்தின் மேலே 6 என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். கூடவே இரண்டு நெட்டும் இருந்தால் நல்லது, போன மழையில் பழையது இற்றுப்போய்விட்டது.